ஜாஸ்மின் இருட்டில் காட்டிய காளான்

புதிதாக அச்சடித்த ஃப்ளெக்ஸ் வாடை எங்கே வந்தாலும் எனக்கு அந்த செமினார் ஹால்தான் ஞாபகம் வரும்...

திருவனந்தபுரத்தில் நான் பிஎச்.டி. செய்த காலம். வருஷத்துக்கு ஒருமுறை ஆராய்ச்சி மாணவர்கள் அவரவர் ஆய்வை ஃப்ளெக்ஸ் போஸ்டராக அடித்து வைத்து ஜட்ஜுகள் முன்னால் விளக்க வேண்டும். ஆளுக்குச் சில நிமிஷங்கள்தான். என் போஸ்டர் மசாலாப் பொடிக் கலப்படம் பற்றியது. அப்பாவுக்கோ ஆரியசாலையில் மசாலா மொத்த வியாபாரம். "நம்ம கடைச் சரக்க மட்டும் தொட்ராத மக்ளே" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

ஆனால் அன்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள் ஜாஸ்மின். பக்கத்து லேப், பாறசாலைக்காரி. இருட்டில் தானாக ஒளிரும் ஒரு காளானைப் பொன்முடிக் காட்டில் கண்டெடுத்து, மரத்தூளில் வளர்த்து வைத்திருந்தாள். போட்டோவைப் பார்த்த ஆய்வுக் கமிட்டி, கேமரா வேலை என்று சொல்லிவிட்டது. இன்று கண்ணால் காட்டாவிட்டால் தலைப்பையே மாற்ற வேண்டும். அவ்வளவு வருஷ உழைப்பும் அம்போ.

காலையிலிருந்து மேஜைக்கு அடியில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, பெட்டிக்குள் காளான் ஒளிர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். முறை வந்ததும் கர்ட்டனை இழுத்துவிட்டு லைட்டை அணைத்தோம். மூடியைத் திறந்தாள்.

கும்மிருட்டு. ஒன்றுமே தெரியவில்லை.

"எவிடெ? ஒந்நும் காணுந்நில்லல்லோ" என்றார் ஜட்ஜ் மேடம். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"எட்டி, எனக்கு நல்லாக் காணுதே... ஒனக்குக் காணல்லியா?" ஜாஸ்மின் என் கையைப் பிடித்து உலுக்கினாள். எனக்கும் தெரியவில்லை. இல்லை என்றுதான் சொன்னேன்.

சட்டென்று அவளுக்கு உறைத்தது. அவள் காலை முழுக்க இருட்டுக்குள் இருந்தவள். நாங்கள் டியூப்லைட்டிலிருந்து வந்தவர்கள், கண் பழக நேரம் வேண்டும். லேபிலும் இருட்டறையே கதியென்று கிடந்ததில் இது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

"மேடம், லைட் இடல்லே... கொறச்சு நேரம் கூடி." லைட்டைப் போடாமல் இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினாள் ஜாஸ்மின்.

"டைம் கழிஞ்ஞு" என்றார் மேடம்.

அடுத்துப் பேச வேண்டியவன் விஷ்ணு. வலியசாலைத் தமிழ்ப் பையன். முதல் பரிசு அவனுக்குத்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம். இருட்டுக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது. "என்டெ டைம் அவளு எடுத்தோட்டெ, மேடம்." தன் நேரத்தை அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்கிறான்!

மேடம் சரியென்றார். வெளிச்சம் விழுமென்று யாரும் போனைக்கூட எடுக்கவில்லை. பெட்டி இருந்த பக்கத்தையே பார்த்தபடி...

முதலில் சாம்பலாக ஏதோ ஒன்று. பிரமை என்று நினைத்தேன். மெல்ல அது பச்சையானது. ஒரு குடை, அதன் அடியில் இழை இழையாக வரிகள், பக்கத்தில் குட்டிக் குட்டியாக இன்னும் சில... "அய்யோ" என்றார்கள் யாரோ. சூடு இல்லை, கரண்ட் இல்லை, ஒரு பொட்டலம் மரத்தூளில் ஓர் உயிர் தன்பாட்டுக்கு வெளிச்சம் விட்டுக்கொண்டிருந்தது! மேடம் எழுந்து வந்து, பட்டுப்புடவையோடு தரையில் மண்டியிட்டுப் பார்த்தார். "கமிட்டியோடு ஞான் பறயாம்" என்று, தானே கமிட்டியிடம் சொல்வதாக மட்டும் சொன்னார்.

ஜாஸ்மினின் தலைப்பு தப்பியது. விஷ்ணு தன் போஸ்டரைப் பற்றிப் பேசவே இல்லை, பரிசு வேறு யாருக்கோ போனது.

போன மாதம் பழவங்காடியில் விஷ்ணுவைப் பார்த்தேன். "அன்னிக்கு வருத்தமா இல்லியா?" என்று கேட்டேன்.

"என்ன வருத்தம்? நான் பேசியிருந்தா இத்தன நாள் யாருக்காவது ஞாபகம் இருந்திருக்குமா? அதப் பாத்தேனே, போறும்" என்று சிரித்தான்.

இப்போது அந்தக் காளானின் வீடியோ போனில் எத்தனை வேண்டுமானாலும் வருகிறது. நிஜத்தைவிடப் பளீரென்று இருக்கிறது. ஒரு விநாடி பார்த்துவிட்டுத் தள்ளிவிடுகிறேன்...

அன்றைக்கு, ஒரு பெண் பொறுக்கச் சொன்னாள் என்ற ஒரே காரணத்துக்காக ஹால் முழுக்க இருட்டில் காத்திருந்தோம்.