எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னவர்

சிட்னியில் நான் நர்ஸாக இருக்கும் மனநலக் கிளினிக்கில், போதை மருந்து என்று ஊரே பயப்படுகிற ஒன்றை அரசு அனுமதியோடு சிகிச்சையாகக் கொடுக்கிறோம். அதற்கு முன், நோயாளி தயாரா என்று பல வாரங்கள் பார்ப்போம்.

லிட்கம் புறநகரிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், டாக்ஸி ஓட்டுநர். போரில் பார்த்தது இன்னமும் கனவில் வந்து துரத்தியது. எந்த மாத்திரைக்கும் அது அடங்கவில்லை. இதுதான் கடைசி நம்பிக்கை என்றார் மனைவி.

எங்கள் டாக்டர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. மருந்து ஏறிய பிறகு பயம் வந்தால் சொல்வீர்களா, ஆறுதலுக்கு நாங்கள் கையைப் பிடிப்பது பிடிக்காவிட்டால் தடுப்பீர்களா என்று அவரிடம் கேட்டார். எல்லாவற்றுக்கும் டாக்டரிடம் 'யெஸ்', என்னிடம் 'ஓம்' என்றார் அவர். தமிழரைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற மிதப்பில், படிவத்தில் 'தயார்' என்று எழுதிவிட்டேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

மூன்றாம் முறை வந்தபோது, வழக்கம்போல் பால் விட்டு டீ கொடுத்தேன். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு உள்ளே போனார். மனைவி சிரித்தார்.

"இவர் பால் தேத்தண்ணி வாயிலயும் வைக்கிறேல்ல, தங்கச்சி. நீங்கள் தந்தா வேண்டாமெண்டு சொல்லுவாரோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு டீயை மறுக்க முடியாதவர், மருந்து மயக்கத்தில் யாரைத் தடுப்பார்? டாக்டரிடம் போய் என் தப்பை ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை, சிகிச்சையைத் தள்ளிவைத்தார்.

அதன் பிறகு வாராவாரம் ஒரே பயிற்சிதான். பக்கத்தில் உட்காரட்டுமா, திரையை மூடட்டுமா என்று டாக்டர் கேட்பார். இவர் மறுக்க வேண்டும். ஒவ்வொரு 'நோ'வுக்குப் பின்னும் 'சாரி' என்பார். சட்டை வியர்வையில் நனைந்துவிடும். "இன்னும் எத்தினை கிழமை இவர் நித்திரையில்லாமக் கிடக்கிறது?" என்று மனைவி அழுதார். ஆனாலும் கணவர் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. அந்த மனிதரை நினைத்தால் இன்றும் எனக்குப் பிரமிப்புதான்.

ஒருநாள் டாக்டர் மேசைக் காலண்டரைப் புரட்டி, சிகிச்சைக்கு ஒரு தேதி சொன்னார். மனைவியின் முகம் மலர்ந்தது. கணவரோ என் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்கு வேண்டாம், தங்கச்சி. என்ர தம்பி செத்த நாள் அது. டொக்டரிட்டைச் சொல்லுங்கோ..." என்றவர் நிறுத்தினார். "இல்லை, விடுங்கோ. நானே சொல்லுறன்."

டாக்டரின் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார். 'சாரி' சொல்லவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டாக்டர் காலண்டரை அவர் கையில் கொடுத்தார்.