மேல்விளிம்பில் தெரிந்த ஆள்

பெலிக்கன் முனையில் இருந்த ஒரே தியேட்டரில் இருபத்திரண்டு வருடமாகப் படம் ஓட்டியவள் வெர்னா டில்மன். புருஷனுக்கு முதுகு போன வருடம் அவன் வேலையை இவள் எடுத்துக்கொண்டாள். அவன் போய்ச் சேர்ந்த பிறகும் வேலை இருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது. படம் கெட்டால்தான் ஜனங்களுக்குப் படம் ஓட்டுகிறவளின் நினைப்பு வரும். பின்னால் திரும்பிக் கத்துவார்கள். அப்படி ஒருவரும் திரும்பிக் கத்தியதில்லை என்பதுதான் அவளுடைய பெருமை.

எண்பத்து மூன்றாம் வருடக் கோடையில், அவள் தங்கை கிளெண்டாவின் மோட்டலில் படம் எடுக்கும் கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. பெண்கள் குளிக்கும் அறையைக் கல்லூரிப் பையன்கள் எட்டிப் பார்க்கும் கதை. பையன்களில் ஒருவனுக்கு முன்மண்டை வழுக்கை. டைரக்டர் ராய்ஸ் பெட்டிஃபோர்டு கிளெண்டாவையும் நடிக்கச் சொன்னான். குளியல் அங்கியோடு வெளியே வந்து பையன்களைத் திட்ட வேண்டும், அவ்வளவுதான். திட்டிக்கொண்டிருக்கும்போதே அங்கி கழன்று காலடியில் விழுந்தது. உள்ளாடையோடு நின்றாள்.

"காத்து மேடம், பாழாப்போன காத்து," என்றான் ராய்ஸ். "அந்தப் பிலிம் துண்டை என் கையாலயே கொளுத்திடறேன்."

கிளெண்டா நம்பினாள். அன்று சாயங்காலம் அவனுக்கு எலுமிச்சை கேக் செய்து கொடுத்தாள்.

மறுவருடம் முதல் காட்சி இந்த ஊரிலேயே, சனிக்கிழமை மத்தியானம், டைரக்டரே வருகிறார் என்று விளம்பரம் வந்தது. கிளெண்டா தலைமுடியைச் சுருட்டிக்கொண்டாள். பௌலிங் ஆடும் தோழிகள் ஏழு பேரை அழைத்தாள்.

வெள்ளிக்கிழமை ரீல்களைச் சோதிக்க வெர்னா தனியாக ஓட்டிப் பார்த்தாள். நான்காம் ரீலில் தங்கை வந்தாள். அங்கி விழுந்தது. பையன்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு மயங்கி விழுந்தார்கள். அதற்குப் பன்றி உறுமும் சத்தத்தைச் சேர்த்திருந்தான் ராய்ஸ்.

வெர்னா கத்தரியை எடுத்தாள். வெட்டிவிட்டால் கிளெண்டா தப்பித்துக்கொள்வாள். அவனும் தப்பித்துக்கொள்வான். கத்தரியை வைத்துவிட்டு, பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

திரையில் விழுவதைவிடப் பிலிமில் அதிகம் இருக்கும். மேலும் கீழும் கொஞ்சத்தைப் புரொஜெக்டர் மறைத்துவிடும். நல்ல படக்காரர்கள் அந்த மறைவிடத்தையும் சுத்தமாக வைப்பார்கள். ராய்ஸ் அவசரக்குடுக்கை. காட்சிக்குக் காட்சி மேலே மைக் தொங்கியது. குளிக்கிற பெண்கள் இடுப்புக்குக் கீழே ஜீன்ஸ் போட்டிருந்தார்கள். கிளெண்டாவின் தலைக்கு மேலே, மாடி வராந்தாவில் குப்புறப் படுத்துக்கொண்டு, தூண்டில் போட்டு அங்கியின் முடிச்சை இழுத்துக்கொண்டிருந்தான் ராய்ஸ்.

வெர்னா போன் போட்டாள்.

"கிளெண்டா, அவன் அதைக் கொளுத்தலடி. படத்துல இருக்கு. காத்தும் இல்ல. மாடியிலேருந்து தூண்டில் போட்டு இழுத்திருக்கான்."



"திரையில அவன் தெரிவானா அக்கா?"

"நான் நெனச்சா தெரிவான்."

"மூஞ்சி?"

"பல்லு வரைக்கும்."

"அப்ப போடு."

சனிக்கிழமை அரங்கு நிறைந்தது. ராய்ஸ் வெள்ளைக் கோட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்தான். விளக்கு அணைந்ததும், வெர்னா அறைக்கதவைத் தாழிட்டுவிட்டு பிரேம் திருகில் கை வைத்தாள். ஒரு பக்கம் திருப்பினால் படத்தின் மேல்பக்கம் தெரியும், மறுபக்கம் திருப்பினால் கீழ்ப்பக்கம்.

"டேய், இவ ஜீன்ஸோட குளிக்கறாடா!"

"ராய்ஸு, அந்த மைக்குக்கும் சம்பளம் குடுத்தியா?"

ராய்ஸ் எழுந்து பின்னால் திரும்பினான். "பிரேம்! பிரேமைச் சரி பண்ணு!"

இருபத்திரண்டு வருடத்தில் முதல் ஆள். வெர்னாவுக்குக் காது குளிர்ந்தது.

தியேட்டர் முதலாளி மாடியேறி வந்து கதவைத் தட்டினார். "வெர்னா! உனக்குக் கண்ணு போச்சா?"

"திருகு சிக்கிக்கிச்சு முதலாளி. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

நான்காம் ரீல் வந்தது. அங்கி விழுந்ததும் அரங்கு சிரிப்பில் அதிர்ந்தது. நடு வரிசையில் கிளெண்டா நகரவில்லை. வெர்னா திருகைத் திருப்பிப் படத்தின் மேல்பக்கத்தைத் திரைக்கு இறக்கினாள்.

"மேல பாருங்க," என்றது ஒரு குரல். "மேல! மாடியில!"

சிரிப்பு அங்கங்கே அறுந்தது. பன்றி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

கிளெண்டா எழுந்தாள். "அது காத்துன்னு எங்கிட்ட சொன்னாரு," என்றாள். "இதோ, முன்னாடி உக்காந்திருக்காரே, அவரு." பிறகு பின்னால் திரும்பி, அறைப்பக்கம் பார்த்துக் கத்தினாள். "அக்கா! இன்னொரு தடவை போடு. மீன் புடிக்கறவரை எல்லாரும் சரியாப் பாக்கல."

ரீலைப் பின்னால் சுற்ற வேண்டும். வெர்னா அரங்கின் விளக்கையெல்லாம் போட்டாள். மெஷினில் சுற்றினால் ஒரு நிமிட வேலை; கையால் சுற்றினாள். நடுவில் நிறுத்தி முட்டை சாண்ட்விச்சை ஒரு கடி கடித்தாள்.

கீழே, அத்தனை வெளிச்சத்தில், வெள்ளைக் கோட்டுக்காரன் வாசலைப் பார்த்தான். வாசலுக்குப் போகும் வழி நெடுக பௌலிங் தோழிகள் ஏழு பேரும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.