தந்தை பெயரை வைத்து ஆளை எண்ணிய கதை

எண்ணத் தெரியாதவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம். இதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம். அங்கே இருபது வருடமாகத் தரவுத்தளங்களோடு குப்பை கொட்டுகிறேன். என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் எதை எண்ணுகிறோம் என்று தெரியாமலே எண்ணியவர்கள். மீதிப் பேர் மேலாளர் ஆனார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வேலை வந்தது. சிங்கப்பூருக்கு வந்து குடியேறிய இந்தியர்களைப் பற்றிய பதிவுகளை ஒரே தளத்தில் கோக்க வேண்டும். கப்பல் பட்டியல், கடை உரிமம், கல்யாணப் பத்திரிகை, புகைப்படம் என்று எல்லாம் உண்டு. எந்தச் செய்தியானாலும் அதில் மூன்று துண்டாகத்தான் நிற்கும். இவருக்குத் தந்தை அவர். அவருக்குக் கடை இந்தத் தெரு. இப்படி லட்சக்கணக்கான குட்டி வாக்கியங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வலையாக விரியும். திறப்பு விழாவன்று ஒரு பெரிய திரையில் மொத்தம் எத்தனை பேர் என்ற எண் தெரிய வேண்டும். அதற்குக் கீழே அத்தனை பேரின் பெயர்களும் ஓட வேண்டும்.

பதிவுகளைத் தளத்தில் ஏற்றியவர் தோ பாயோவிலிருந்து வரும் ஓர் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். அவருடைய அம்மா பிறப்பால் சீனர். கைக்குழந்தையாக இருந்தபோது, பஃபலோ ரோட்டில் பால் விற்றுக்கொண்டிருந்த ஒரு தமிழ் விதவையிடம் கொடுத்துவிட்டார்கள். அப்படிக் கொடுப்பதும் வாங்குவதும் அப்போது இங்கே நடந்ததுதான். பால் தூக்கோடு அந்தச் சிறுமி நிற்கும் படம் ஒன்று எங்களுக்குக் கிடைத்திருந்தது. அக்காவே அம்மாவுக்கு ஒரு பதிவு போட்டு, படத்தை அதோடு இணைத்திருந்தார். விழாவுக்கு அம்மாவை அழைத்து வந்து, திரையில் பெயர் ஓடும்போது பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்று என்னிடம் இரண்டு முறை சொல்லிவிட்டார்.

“அவங்க பேரு இதுவரைக்கும் எங்கயும் வந்ததில்ல தம்பி” என்றார்.

எங்கள் மேலாளருக்குத் திரையில் வரும் அந்த எண் ‘லைவ்’வாக இருக்க வேண்டுமாம். யார் பக்கத்தைத் திறந்தாலும் தளம் புதிதாக எண்ணிச் சொல்ல வேண்டுமாம். செத்துப்போனவர்களே நிறைந்த ஒரு பட்டியலில் நிமிடத்துக்கு நிமிடம் என்ன மாறிவிடப்போகிறது என்று கேட்டேன். ஸ்லைடில் போட்டாகிவிட்டது என்றார். ஸ்லைடில் ஏறிவிட்டால் அது அவருக்கு வேதம்.

சிக்கல் என்னவென்றால், நாங்கள் யாரையும் வெறும் ‘மனிதர்’ என்று பதிந்திருக்கவில்லை. கடைக்காரர், மருத்துவச்சி, துறைமுகக் கூலி என்று தொழிலை வைத்துத்தான் பதிந்திருந்தோம். எத்தனை மனிதர்கள் என்று கேட்டால், தளம் ஒவ்வொருவராகப் பிடித்து, கடைக்காரரும் மனிதர்தானா என்று வகைப் பட்டியலில் மேலே ஏறிப் பார்க்கும். ஒரே ஆள் கடைக்காரராகவும் கோயில் நிர்வாகியாகவும் வந்திருந்தால் அதில் ஒன்றைக் கழிக்கும். இதெல்லாம் முடிய நாலு நிமிடம். அதற்குள் பக்கம் செத்துவிடும்.

“இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு லா. வி.ஐ.பி. வந்து நிக்கும்போதும் இப்படித்தான் சுத்துமா?” என்றார் மேலாளர்.

முறையான வழி எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஆளுக்கும் ‘இவர் மனிதர்’ என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிட்டு, பிறகு அந்த வாக்கியங்களை மட்டும் எண்ணினால் போதும். ஆனால் அதற்கு ஒரு நாள் உட்கார்ந்து பழைய பதிவுகளையெல்லாம் அலச வேண்டும். என் தகுதிக்கு அது எடுபிடி வேலையாகத் தெரிந்தது.

எந்த உறவு எத்தனை முறை எழுதப்பட்டிருக்கிறது என்ற கணக்கைத் தளம் தன் அட்டவணையில் எப்போதும் தயாராக வைத்திருக்கும். அதைக் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடும். அப்படியானால் ஆளுக்கு ஒன்றே ஒன்று இருக்கக்கூடிய உறவு எது என்று யோசித்தேன். தந்தை. இந்த ஊரில் நம் ஆட்களின் அடையாள அட்டையைப் பாருங்கள், பெயரை அடுத்து இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று நிற்கும். பள்ளியில் என்னைக் கூப்பிட்டதும் அப்படித்தான், ராணுவ முகாமில் கூப்பிட்டதும் அப்படித்தான். தந்தையை எண்ணினால் ஆளை எண்ணிய மாதிரி. நாலு நிமிட வேலை கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்தது. எண்ணும் பெயர்களும் ஒருநாளும் முரண்படக் கூடாது என்று, திரையில் ஓடும் பெயர்களையும் அதே உறவிலிருந்தே எடுத்தேன். மேலாளர் வாயைப் பிளந்தார். எதற்கெடுத்தாலும் வாயைப் பிளக்கிற ஆள் அவர் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா மட்டும் ஒன்று கேட்டார்.

“எல்லாருக்கும் அப்பா பேரு இருக்குமா தம்பி?”

நான் தலையைத் திருப்பவில்லை. “அப்பா பேரு இல்லாம நம்மாளுங்க யாருக்கா இருக்கா? ஒண்ணு ரெண்டு விட்டுப்போனா என்ன, யாரு கவனிக்கப்போறா?”

நான் அவ்வளவு உறுதியாகச் சொன்னதும் அவர் நம்பிவிட்டார் போல. தன் இடத்துக்குப் போனார். அம்மாவின் பதிவில் தந்தை கட்டத்தை அவர் காலியாக விட்டிருந்தார். வளர்த்தவளின் செத்துப்போன கணவன் பெயரை அதில் போட்டிருக்கலாம். பொய் எழுத அவருக்கு மனம் வரவில்லை. இது எனக்குத் தெரியாது என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை.

விழா ஒரு சனிக்கிழமை காலை. மேடையில் ஏறியவர்கள் மேடைக்கென்று வைத்திருக்கும் தமிழில் நம் முன்னோர், நம் முன்னோர் என்றார்கள். இறங்கியதும் ஆங்கிலத்தில் கார் நிறுத்த இடம் கிடைக்காததைப் பற்றிப் பேசினார்கள். மேலாளர் விருந்தாளிகள் முன்னால் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து காட்டினார். ஒவ்வொரு முறையும் அதே எண் வந்தது, ஒவ்வொரு முறையும் கை தட்டினார்கள்.

அக்கா அம்மாவோடு வந்திருந்தார். எண்பதைத் தாண்டிய சீன முகம், நெற்றியில் பெரிய பொட்டு, அரக்குப் பட்டுப்புடவை, தலையில் பூ. திரைக்குப் பக்கத்தில் அம்மாவை நிறுத்திவிட்டு, அக்கா போனைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். பெயர்கள் அகர வரிசையில் ஓடின. அம்மா பெயரின் முதல் எழுத்து வந்தது, போனது. பட்டியல் முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது. இரண்டாவது சுற்றிலும் பெயர் இல்லை என்றபோது எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அக்கா போனை இறக்கவில்லை. மூன்றாவது சுற்றும் முடிந்தது.

நான் போய், தப்பு என் மேல்தான் என்று மென்று விழுங்கிச் சொன்னேன். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் அவர் கையைப் பிடித்துப் போனை இறக்கினார்.

“பரவால்ல லா, விடு. ஆள எண்ண வந்தப்ப நான் அடுப்படியில இருந்திருப்பேன்” என்று சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. சாப்பிடக்கூட நிற்காமல் இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்ற மேலாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். தந்தை பெயர் இல்லாத எல்லோரும் விட்டுப்போயிருக்கிறார்கள் என்றேன்.

“சின்ன பர்சென்டேஜ்தானே லா” என்றார் அவர், பிரியாணியிலிருந்து கண்ணை எடுக்காமல். “யாரு கவனிக்கப்போறா?”

சீ, இவனெல்லாம் ஒரு ஆளா என்று நினைத்தேன். அவர் சொன்னது என்னுடைய வாக்கியம்தான் என்பது எம்.ஆர்.டி. ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

திங்கட்கிழமை, ஆளுக்கு ஒரு வாக்கியம் சேர்க்கும் அந்த எடுபிடி வேலையைச் செய்தேன். ஒரு நாள்கூட ஆகவில்லை, மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. எண் முன்போலவே கண் சிமிட்டும் நேரத்தில் வந்தது, ஆனால் பெரிதாக வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களை ஒவ்வொருவராகப் படித்தேன். இன்னாரின் மனைவி என்று மட்டுமே பதிவானவர்கள், ஒற்றைப் பெயரோடு கப்பலிலிருந்து இறங்கிய கூலிகள், கோயில் வாசலில் கிடைத்த குழந்தைகள். பால் தூக்கோடு நிற்கும் சிறுமியும் வந்துவிட்டாள்.

அக்காவிடம் போனேன். அம்மாவை இன்னொரு நாள் அழைத்து வரச் சொன்னேன். நானே டாக்சி ஏற்பாடு செய்வதாகவும், நானே நின்று படம் எடுத்துத் தருவதாகவும் சொன்னேன்.

“வரமாட்டாங்க தம்பி. அந்தப் புடவைய மடிச்சு உள்ள வச்சிட்டாங்க.”

தட்டச்சு செய்துகொண்டே சொன்னார், தலையைத் திருப்பவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. இருபது வருடமாக நான் மற்றவர்களிடம் பேசிவந்த குரல்தான் அது.