அண்ணி போட்ட பூட்டு

எங்கள் அடுக்குமாடி வீட்டின் இரும்புக் கம்பிக் கதவில் ஒரு பித்தளைப் பூட்டு திறந்தபடியே தொங்குகிறது. சாவி எங்கோ தொலைந்துவிட்டது, நானும் தேடவில்லை. போன தீபாவளியன்று, மலேசியாவில் நாங்கள் இருக்கும் சுங்கை பினாங்கில் கதவைப் பூட்டி வைத்த தமிழர் வீடு எங்களுடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். பூட்டியவர் என் அண்ணனின் மனைவி.

அந்த வருடம் நான் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்தேன். மருந்து ஏற்றிய பிறகு சில நாள்களில் வெள்ளை அணுக்கள் குறையும், அப்போது சின்னக் கிருமியும் உயிருக்கு உலை வைத்துவிடும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். எனக்குப் பாதிதான் காதில் ஏறியது. முழுதாகக் கேட்டுக்கொண்ட அண்ணி பெட்டியோடு என் வீட்டுக்கே வந்துவிட்டார். உள்ளே வந்தால் முதலில் கை கழுவ வேண்டும். சுடச்சுடச் சமைத்ததுதான் சாப்பாடு. சளி பிடித்திருந்த சொந்த மகனையே மாடிப்படியோடு திருப்பி அனுப்பினார். காய்ச்சல் பார்க்க நெற்றியில் கை வைக்கவே மாட்டார். கையை நம்பக் கூடாது என்று வெப்பமானியைத்தான் நீட்டுவார்.

தீபாவளிக்கு ஆள் வராமல் இருக்குமா? வெளி நடையில் நாற்காலி போட்டு முறுக்கும் நெய்யுருண்டையும் பரிமாறினார். "அவள பாக்கணும்னா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு கையாட்டுங்க லா. உள்ள விடமாட்டேன், கோவிச்சுக்காதீங்க." என் சித்தி கோபித்துக்கொண்டு போய்விட்டார். நல்ல நாளில் வந்தவர்களை வாசலில் நிறுத்துகிறாரே என்று எனக்கும் ஆத்திரம்தான்.

மதியம் உடம்பு சுட்டது. விருந்தாளிகள் போகட்டும், அதுவரை தாங்கும் என்று காய்ச்சல் மாத்திரையைக் கையில் எடுத்தேன். அண்ணி பார்த்துவிட்டார். வெப்பமானி முப்பத்தெட்டு டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது.

"அதக் கீழ வை. மாத்திர போட்டா காச்சல்தான் மறையும், கிருமி போவாது. கிளம்பு."

விருந்தாளிகளை நடையிலேயே விட்டுவிட்டு, பட்டுச்சேலையோடு காரை எடுத்தார். அவசரப் பிரிவில் நான் உட்காரும் முன்பே, கீமோ எடுப்பவள் என்று மலாய் மொழியில் சொல்லி முடித்திருந்தார். உடனே நரம்பு வழியாகக் கிருமிக்கொல்லி மருந்து ஏற்றினார்கள். சாயங்காலம்வரை காத்திருந்தால் நிலைமை கைமீறிப் போயிருக்கும் என்றார் மருத்துவர். நான் இன்று இருப்பது அண்ணியால்தான்.

இந்தத் தீபாவளிக்குக் கதவு விரியத் திறந்திருந்தது. சித்திதான் முதலில் வந்தார். பிறகு வந்த அண்ணி நேராகச் சமையலறைக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

"கீமோதான் முடிஞ்சுபோச்சே, இனி எதுக்கு அண்ணி இதெல்லாம்?"

"பழகிப்போச்சு லா."

கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர், முதல்முறையாக என் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். நெடுநேரம் கையை எடுக்கவில்லை.