முள் இல்லாத தொண்டை

என்னைப் போலொரு மடையனை மன்னார் ஆசுபத்திரி அதற்குமுன் கண்டிருக்காது. குரல் போனதற்குத் தொண்டையில் சிக்கிய மீன்முள்தான் காரணம் என்று நம்பி, இரண்டு மாதம் வெறுஞ்சோற்றை உருட்டி உருட்டி விழுங்கினேன். முள் இறங்கவில்லை; வயிறுதான் முன்னுக்கு வந்தது.

விடத்தல்தீவில் மீள்குடியேறி, வீட்டுக்குத் தகரம் போட்ட கிழமை அது. காலையில் மனைவி ஸ்ரெல்லாவைக் கூப்பிட்டேன். காற்று மட்டும் வந்தது. ஊரில் பகிடிக்கும் கேலிக்கும் பேர் போன வாய் என்னுடையது. "ஸ்ரெல்லாக்கா, எந்தக் கோயிலுக்கு நேர்ந்தனீங்கள்?" என்று அயல்வீட்டுக்காரி கேட்டாள்.

தொண்டை வைத்தியர் குழாய் விட்டுப் பார்த்தார். "முள்ளும் இல்லை, கட்டியும் இல்லை. ஒருக்கா இருமுங்கோ ஐயா."

இருமினேன். கணீரென்று சத்தம் வந்தது. "குரல்நாண் நல்லாத்தான் இருக்கு" என்று மனநலப் பிரிவுக்குத் துண்டு எழுதித் தந்தார்.

அங்கிருந்த பெண் வைத்தியர் இதை உருமாற்றக் கோளாறு (சொல்ல முடியாத துயரம் உடல் நோயாக வெளிப்படுவது) என்றார். நான் நடிக்கவில்லை என்றும் அழுத்திச் சொன்னார். இதே வருத்தம் உள்ளவர்கள் அந்த வசனத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு அதுதான் முதல் மருந்து.

கிழமைக்கொரு நாள் போனேன். சண்டையில் பறிகொடுத்த மகனைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் கிசுகிசுத்தாவது பகிடி விட்டேன். அது தற்காப்பாம் (தாங்க முடியாததை மனம் தானறியாமல் தள்ளிவைப்பது).

"ஓம் டொக்டர், ஷெல்லடிக்கு ஒளிக்கிற பங்கர் மாதிரி."

அவர் பேனையை வைத்தார். "பங்கருக்குள்ள எத்தினை வருசம் இருப்பியள்?"

ஒருநாள் காரணமில்லாமல் அவர்மேல் சீறினேன். "என்னை ஏன் குற்றவாளி மாதிரிப் பாக்கிறியள்?" இதற்கு உணர்வு இடமாற்றம் (வேறொருவர் சம்பந்தப்பட்ட உணர்வை வைத்தியர்மேல் ஏற்றுவது) என்று பெயர்.

"உண்மையில ஆர் உங்களை அப்பிடிப் பாக்கிறது?" என்று கேட்டார். ஸ்ரெல்லாவின் முகம் வந்தது.

அன்றுதான் சொன்னேன். கடைசிச் சண்டை நேரம், ஒரு மத்தியானம், நாங்கள் தங்கியிருந்த தறப்பாள் கொட்டிலுக்கு வெளியே, தண்ணீர் எடுக்கப் போகப் பயந்து நின்றான் மகன் அன்ரன். "ஷெல்லுக்கு உன்ர விலாசம் தெரியாதடா, போட்டு வா" என்றேன். சிரித்துக்கொண்டே போனான். திரும்பி வரவில்லை. சொல்லி முடிக்கையில் பாதிக் குரல் வந்திருந்தது.

இப்போது முழுக் குரலும் வந்துவிட்டது. சுகமாகிவிட்டேன் என்று எழுத மனமில்லை. நான் பேசுவது வேறு யாரோ பேசுவது போல் கேட்கிறது. மற்றவர்களுக்கு வருடங்கள் போகின்றன. எனக்கு அந்த மத்தியானம் இன்னும் முடியவில்லை.

ஸ்ரெல்லாவிடமும் சொல்லவேண்டியிருந்தது. அன்று கொட்டிலுக்குள் இருந்த அவளுக்கு என் பகிடி கேட்டிருக்காது என்றே இத்தனை காலமும் நம்பியிருந்தேன். போன ஞாயிறு பூசை முடிந்து வந்து, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், என்னை நானே தேற்றுவது போல, "பிள்ளை சிரிச்சுக்கொண்டுதான் போனவன்" என்றேன்.

உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அவன் சிரிக்கேல்லை."