திமிர் என்று நினைத்தது

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. அவளுடைய வியாதிக்குத் திண்டிவனத்தில் எல்லோரும் சொன்ன பெயர் திமிர். அந்தப் பெயரை முதலில் வைத்தவளே நான்தான், வேறு யாரைச் சொல்ல?

கூப்பிட்டால் பதில் வராது. சாப்பிட உட்கார்ந்தால் கையில் பிசைந்த சோற்றோடு அப்படியே என்னை முறைத்துக்கொண்டிருப்பாள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். "ஏண்டி, வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருக்க?" என்று முதுகில் ஒன்று வைப்பேன். "நான் இன்னாம்மா பண்ணேன்?" என்பாள். பண்ணுவதையும் பண்ணிவிட்டு எதிர்க்கேள்வி வேறா என்று இன்னொன்று விழும்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றே டீச்சரிடம், "கண்ண மட்டும் வுட்டுட்டு தோல உரிச்சிடுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் பக்கம் பெற்றவர்கள் எல்லோரும் சொல்வதுதான். சொல்லும்போது பொறுப்பான தாய் என்ற பெருமைகூட இருந்தது, சீ! அவள் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க" என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. நான் சொன்னதைத்தானே அவரும் சொல்கிறார்! அதற்குப் பிறகு என் கை இன்னும் தாராளமாக நீண்டது.

ஒருநாள் டீச்சரே போன் செய்து வரச்சொன்னார். "போர்டுல எழுதச் சொன்னேன். பாதியில அப்படியே நின்னுக்கினு இருந்தா. நீங்க சொன்னீங்களேன்னு குச்சியால ஒண்ணு போட்டேங்க. கண்ணுகூட அசையல. எனக்கே பயமாயிடுச்சு. நல்ல டாக்டரா பாத்துக் காட்டுங்க. இப்படியே இருந்தா ஸ்கூல்ல வெச்சுக்க முடியாதுன்னு ஹெச்.எம். சொல்றாங்க."

நீங்க சொன்னீங்களேன்னு. விழுப்புரம் போகிற பஸ்ஸில் விக்கிரவாண்டி தாண்டியும் அது என்னைக் குத்திக்கொண்டே வந்தது.

விழுப்புரத்தில் குழந்தைகளைப் பார்க்கிற டாக்டரம்மா ஒரு காகிதத்தைக் கிழித்து அவள் வாய்க்கு நேரே பிடித்தார். "பாப்பா, நிறுத்தாம ஊது" என்றார். ஊதினாள். காகிதம் படபடத்தது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. உதடு குவிந்தபடியே இருக்க, அதே முறைப்பு. இங்கேயும் வந்து மானத்தை வாங்குகிறாளே! "ஊதுடி, டாக்டர் சொல்றாங்க இல்ல?" என்று கையை ஓங்கிவிட்டேன்.

டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அடிக்காதீங்க. இது வலிப்பும்மா. கை கால் இழுக்காத வலிப்பு. இப்படி விடாம ஊதினா வந்துடும், அதான் ஊதச் சொன்னேன். டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணிக்கலாம். ஆனா இப்ப நீங்க கத்துறது எதுவும் அவளுக்குத் தெரியாது."

அடிப்பாவி, ஒன்றும் தெரியாமல் நின்ற பிள்ளையையா இத்தனை நாள் அடித்தேன்!

மகள் கண்ணைச் சிமிட்டினாள். முதலில் அவள் பார்த்தது என் ஓங்கிய கையை. "இனிமே அப்படிப் பண்ண மாட்டேம்மா" என்றாள் அவசரமாக.

"எப்படிப் பண்ண மாட்டே, பாப்பா?" என்று டாக்டர் கேட்டார்.

அவளுக்குத் தெரியவில்லை. நான் சொல்லித்தருவேன் என்று என் முகத்தையே பார்த்தாள்.