நனையாத தாள்

எங்கள் கோப்பாய் வீட்டின் முன்னறையில் ஆறு வருடம் வாடகைக்கு இருந்த ஜப்பானியப் பேராசிரியர், தூரிகையால் எழுதுகிறவர். ஓலையில் எழுத்தாணி ஓடும் விதம் தமிழ் எழுத்துகளை எப்படி வளைத்தது என்று ஆராய வந்தவர், திரும்பிப் போகவில்லை. காலை ஐந்தரைக்குக் கிணற்று நீரில் அரைக் கரண்டி விட்டு மைக்கட்டியைக் கல்லில் உரைப்பார். ஒரே வரியை நாற்பது தாளில் எழுதுவார். பிடித்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை எரித்துவிடுவார். ஒன்றும் பிடிக்காமல் எல்லாவற்றையும் எரித்த நாள்களே அதிகம்.

கடந்த மாரியில் அவரைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வீட்டிலிருந்து புறப்படும்போது ஒரு தாளைத் தந்தார். ஜப்பானில் இருக்கும் மகளுக்காக எழுதியது. மகள் கேட்டுப் பல வருடங்களாகியும் திருப்தியாய் வராமல், அந்த வாரம்தான் வந்தது.

"மகள் வருமட்டும் பத்திரமாய் வைச்சிருங்கோ, தங்கச்சி."

இடப்பெயர்வின்போது எங்கள் காணி உறுதி மழையில் நனைந்து மை கரைந்துவிட்டது. அதன் பிறகு வீட்டிலுள்ள முக்கியமான தாள்கள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையிட்டு லமினேற் செய்து வைத்திருக்கிறேன். பத்திரம் என்றால் எனக்கு அதுதான். புதன்கிழமை காலை ஒன்பதேகாலுக்குச் சந்திக் கடையில் அவரது தாளையும் கொடுத்தேன்.

"இதென்ன அக்கா, வெங்காயத் தோல் மாதிரிக் கிடக்கு? கோழி கீறினதோ?" என்றார் கடைக்காரர்.

"பகிடியை விட்டிட்டு ரண்டு பக்கமும் வடிவாய் அடியுங்கோ. சுருக்கம் நிக்கக் கூடாது."

சுருக்கம் நிற்கவில்லை. அவருக்கு ஆறுதலாய் இருக்குமென்று ஞாயிறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவர் அதன்மேல் விரலை வைத்தார், நெடுநேரம் எடுக்கவில்லை.

தாளின் பின்புறம் ஈரப்பசை பூசி இன்னொரு தாளோடு ஒட்டினால்தான் சுருக்கம் விரிந்து மையின் ஆழம் தெரியுமாம். அவரூரில் அதற்கென்றே ஆட்கள் உண்டாம். இனி பிளாஸ்டிக்கை உரித்தால் தாளும் சேர்ந்து கிழியும். நான் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகே இதைச் சொன்னார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ஐயா."

"இனி உது நனையாது," என்றார். சிரிக்க முயன்றார். இருமல் வந்துவிட்டது.

மறுநாள் தூரிகையும் மையும் கேட்டார். கட்டிலில் பலகை வைத்து, அவரது முழங்கையை நான் தாங்கிக்கொண்டேன். முதல் கோடு பாதியில் நின்றது. தூரிகையைக் கழுவித் தரும்படி என்னிடம் நீட்டினார். வியாழக்கிழமை காலமானார்.

மகள் சனிக்கிழமை வந்தார். நடந்ததை ஆங்கிலத்தில், ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவர் தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே தூரிகை முடி ஒன்று அகப்பட்டிருப்பதை நான் அப்போதுதான் கண்டேன். அந்த இடத்தில் நகத்தால் இரண்டு தரம் சுரண்டினார்.

தூரிகைகளையும் மைக்கல்லையும் எடுத்துக்கொண்டார். தாளை இரண்டு கையாலும் என்னிடமே திருப்பித் தந்து, தலை குனிந்து வணங்கிவிட்டு, வாசலில் நின்ற ஓட்டோவில் ஏறினார்.

எங்கள் உறுதிகள் உள்ள கோப்பில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னும் மேசையில்தான் கிடக்கிறது.